கிழக்கிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பறக்க: கட்டுநாயக்காவா, பலாலியா?

மட்டக்களப்பு நகரிலிருந்து சென்னை விமானநிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 610 கிலோமீற்றர். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமானநிலையத்திலிருந்து அதே சென்னைக்கு ஏறத்தாழ 645. கணக்குப்படி சென்னை நமக்குத்தான் கிட்ட. ஆனால் ஆரையம்பதியிலோ சாய்ந்தமருதிலோ இருந்து புறப்படும் ஒருவர் முதலில் தீவைக் குறுக்கே வெட்டி, முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் மேற்கே போய், அதன் பிறகுதான் வடக்கே திரும்பிப் பறக்க வேண்டியிருக்கிறது. வானத்தில் இருப்பது ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். வீட்டுக் கேற்றைச் சாத்தியதிலிருந்து சென்னையில் வெளியே வரும்வரை எண்ணினால் பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது.

சாப்பாடு, ஆசன அகலம், பணிப்பெண்களின் உபசரணை பற்றியெல்லாம் நிறையப்பேர் எழுதியாயிற்று. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக்காரருக்குத் தமிழ்நாட்டுக்கான விமானச் சேவைகள் எந்த அளவுக்குப் பயன்படுகின்றன, காசு எங்கே போகிறது, எங்கே சிக்கல் வருகிறது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். கட்டுநாயக்காவிலிருந்து ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் சென்னை, திருச்சி, மதுரை மூன்றுக்கும் போகிறது. கேரளப் பக்கம் போகிறவர்களுக்குத் திருவனந்தபுரமும் கொச்சியும் உண்டு. இண்டிகோவும் எயார் இந்தியாவும் சென்னைக்குப் பறக்கின்றன. 2022 ஒக்டோபரில் வெளிநாட்டுச் சேவையைத் தொடங்கிய ஃபிட்ஸ்எயார், இலங்கையின் முதலாவது தனியார் சர்வதேசப் பயணிகள் விமானக் கம்பனி, தமிழ்நாட்டுப் பாதைகளையும் எடுத்துப் பார்த்திருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு இந்திய அரசின் அலையன்ஸ் எயார்தான் முதலில் பறந்தது. 2024 செப்டெம்பர் 1 முதல் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச் 30 முதல் திருச்சி–யாழ்ப்பாணம் பாதையையும் இண்டிகோ திறந்தது. எந்த நாளில் யார் பறக்கிறார்கள் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். போன வருட அட்டவணையை நம்பிப் பயணத் திகதி குறிக்க வேண்டாம்.

இத்தனை பெயர்கள் ஒரு காலத்தில் இருக்கவில்லை. 1944ஆம் ஆண்டு சிக்காகோ உடன்படிக்கையின் 6ஆம் உறுப்புரை சொல்வது இதுதான்: ஒரு நாட்டின் அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டின் அட்டவணை விமானம் அங்கே வந்து இறங்க முடியாது. அதனால் அயல்நாடுகள் இரண்டும் உட்கார்ந்து பேசி, உன் பக்கம் ஒரு கம்பனி, என் பக்கம் ஒரு கம்பனி, வாரத்துக்கு இத்தனை பறப்பு, இத்தனை ஆசனம், இன்ன கட்டணம் என்று எழுதி வைத்துக்கொண்டன. நம் பக்கம் 1979இல் தொடங்கிய எயார் லங்கா, அந்தப் பக்கம் இந்தியன் எயார்லைன்ஸ். ஆசனம் குறைவு, போட்டி இல்லை, விலை இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்ட விலை.

அமெரிக்கா 1978இல் உள்நாட்டு விமானச் சேவையைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் தன் உறுப்பு நாடுகளுக்கிடையில் கதவைத் திறந்து, 1997 ஏப்ரலில் ஒரு நாட்டின் கம்பனி இன்னொரு நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பறக்கவும் விட்டது. நம் பக்கத்துக்கு அந்தக் காற்று மெல்லத்தான் வந்தது. விமானச் சேவையை அரசின் கையில் வைத்திருந்த 1953ஆம் ஆண்டுச் சட்டத்தை இந்தியா 1994இல் நீக்கியது. தனியார் கம்பனிகள் வெளிநாடு பறக்க 2004இல் இடம் கிடைத்தபோது அவை முதலில் கண்ணைவைத்த இடங்களில் கொழும்பும் ஒன்று. ஆனாலும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது: உள்நாட்டில் ஐந்து வருடம் பறந்திருக்க வேண்டும், இருபது விமானம் வைத்திருக்க வேண்டும். ஐந்து வருட நிபந்தனையை 2016இல் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டின் கொள்கையில் சார்க் நாடுகளுக்கும் டெல்கியிலிருந்து 5000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நாடுகளுக்கும் பரஸ்பரத் திறந்த வானம் என்று அறிவித்தார்கள். டிசம்பரில் பஹாமாஸின் நசோவில் நடந்த பேச்சில் இலங்கையும் அந்த வரிசையில் வந்தது. சென்னை உட்பட ஆறு பெருநகர விமானநிலையங்களுக்கு எத்தனை பறப்பும் விடலாம் என்பது அதன் சாரம்.

ஆறு பெருநகரம் என்பதைக் கவனியுங்கள். திருச்சியும் மதுரையும் அந்த ஆறில் இல்லை. அவற்றுக்கு வேறு ஏற்பாடு, வேறு கணக்கு. நாகூர், வேளாங்கண்ணி, பழனி, இராமேஸ்வரம் போக நினைக்கும் கிழக்கு மாகாணத்தவருக்கு அந்த இரண்டும்தான் கைக்கெட்டிய இடங்கள். சென்னைப் பாதையில் நாலைந்து கம்பனி மல்லுக்கட்ட, மதுரைப் பாதையில் போட்டி எப்போதும் மெலிந்தே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுப்பாடு தளர்ந்தால் வருகிறவர்கள் கூடுவார்கள், போகிறவர்களும் கூடுவார்கள். கிங்ஃபிஷர் கொழும்புக்குப் பறந்தது. 2012இல் கம்பனியே நின்றது. ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. நம் அரசே குறைந்த கட்டணச் சேவை என்று 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா 2016 ஒக்டோபரில் மூடப்பட்டது. பலாலிப் பாதை 2019இல் தொடங்கி, கொவிட்டோடு 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி உயிர்த்தது. பழைய காலத்தில் பாதையை விட்டுப் போவதற்குக்கூட அரசு தலையசைக்க வேண்டும். இப்போது ஆள் சேராவிட்டால் அடுத்த பருவ அட்டவணையில் பெயர் இராது. ஆறு மாதத்துக்கு முன்னரே மலிவாகக் கிடைக்கிறதென்று ஆள் குறைந்த பாதையில் ரிக்கற் எடுப்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். பறப்பை ரத்துச் செய்தால் ரிக்கற் பணம் திரும்பி வரும். முன்பணம் கட்டிய ஹோட்டலும், நாள் குறித்த ஆஸ்பத்திரியும் திரும்பி வரா.

விலை ஏன் ஓர் அளவுக்குக் கீழே இறங்குவதில்லை?

கட்டுநாயக்காவிலிருந்து வெளிநாடு பறக்கும் பயணியிடம் அறவிடப்படும் ஏறுகை வரி அண்மைய ஆண்டுகளில் ஆளுக்கு 60 டொலர். அது மெல்பேர்ண் போகிறவருக்கும் அதே தொகை, மதுரை போகிறவருக்கும் அதே தொகை. மெல்பேர்ண் ரிக்கற்றில் அது ஒரு துளி. கட்டுநாயக்கா–மதுரை நேர்த்தூரம் ஏறத்தாழ 350 கிலோமீற்றர்தான். அந்த ரிக்கற்றில் இது பெரிய துண்டு. திரும்பி வரும்போது இந்தியப் பக்க விமானநிலையக் கட்டணங்களும் வரியும் சேரும். ஆகவே கம்பனிகள் போட்டி போட மிஞ்சுவது அடிப்படைக் கட்டணம் என்ற ஒடுங்கிய இடைவெளி மட்டும்தான். அதில் குறைத்ததை வேறு இடத்தில் எடுக்கிறார்கள். பொதிக்குத் தனிக் காசு, ஆசனம் தெரிவுசெய்யத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு.

இணையத்தில் இரண்டு ரிக்கற்றை ஒப்பிடும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கடைசிப் பக்கம் வரை போய், உங்களுக்கு உண்மையில் தேவையான கிலோவைச் சேர்த்து, பணம் கட்டும் பொத்தானுக்கு முந்திய தொகையைப் பாருங்கள். ஸ்ரீலங்கனின் வழக்கமான ரிக்கற்றில் பொதியும் சாப்பாடும் அடங்கியிருக்கும். முதல் பக்கத்தில் விலை கூடத் தெரியும். கடைசிப் பக்கத்தில் பலமுறை வித்தியாசம் கரைந்துவிடும். கைப்பை மட்டும் கொண்டு போகிற மாணவருக்கு மலிவு ரிக்கற் மலிவுதான். கலியாணச் சாமான் வாங்கப் போகிற குடும்பத்துக்கு அப்படியில்லை. ஒரு காஞ்சிபுரம் பட்டுச்சேலை பெட்டியும் இரவிக்கைத் துணியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. பதினைந்து சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சால்வை, பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை என்று வைத்தால் இருபது கிலோ எங்கே போனதென்று தெரியாது. கூடுதல் கிலோவை ரிக்கற் எடுக்கும்போதோ, பறக்கும் நாளுக்கு முன்பு இணையத்திலோ வாங்கிவிடுங்கள். கவுன்டரில் தராசில் வைத்த பிறகு வாங்கும் கிலோதான் விமானப் பயணத்திலேயே விலை கூடிய சாமான். தியாகராய நகரில் சேலையில் பேரம்பேசி மிச்சம் பிடித்ததை மீனம்பாக்கம் விமானநிலையத்தில் கொடுத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது.

இன்னொன்று. ஒரே பாதை, ஒரே விமானம் என்றாலும் இலங்கையில் தொடங்கும் போய்வரும் ரிக்கற்றின் விலையும் இந்தியாவில் தொடங்கும் ரிக்கற்றின் விலையும் வேறாக இருக்கும். புறப்படும் சந்தையைப் பார்த்தே கம்பனிகள் விலை வைக்கின்றன. இதைக் கண்டுபிடித்தவர்கள் இந்தியாவில் தொடங்கும் ரிக்கற்றை எடுத்து, அங்கிருந்து வரும் முதல் துண்டை விட்டுவிட்டு, இங்கிருந்து போகும் இரண்டாவது துண்டில் ஏறலாம் என்று கணக்குப் போடுவார்கள். முதல் துண்டில் ஆள் ஏறாவிட்டால் மிகுதி முழுவதும் தானாக ரத்தாகிவிடும். அந்த வேலை வேண்டாம்.

கட்டுநாயக்கா வழி

கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் தாராளம். மாலை ஏறினால் விடியுமுன் அங்கே. காலை ஏழு, எட்டு மணிக்குப் பறக்கும் ரிக்கற் என்றால் இந்த வழி பொருந்தாது. பத்து மணிக்குப் பிறகான பறப்புக்குத்தான் சரிவரும். சர்வதேசப் பறப்புக்கு மூன்று மணித்தியாலம் முந்திப் போய் நிற்க வேண்டும். கவுன்டரை ஒரு மணித்தியாலத்துக்கு முன் மூடிவிடுவார்கள். இடையில் ஒரு ரயர் வெடித்தால் ரிக்கற் போச்சு. பஸ் நேரே விமானநிலையம் வராது. கொழும்பு கோட்டையில் இறங்கினால் 187ஆம் இலக்க பஸ்ஸில் திரும்பி வரலாம். ரயிலில் வருகிறவர்கள் கோட்டைவரை போய்த் திரும்பத் தேவையில்லை. உங்கள் ரயில் வெயாங்கொடையிலோ கம்பஹாவிலோ நிற்குமென்றால் அங்கே இறங்கி மினுவாங்கொடை வழியாக ஓட்டோவிலோ பஸ்ஸிலோ போவது குறுக்கு வழி. நாலைந்து பேர் பெட்டிகளோடு போவதானால் ஊரிலிருந்தே வான் பிடிப்பது, எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பெரிய வித்தியாசமாக இராது. அதிலும் காத்தான்குடி, கல்முனைப் பக்கம் கட்டுநாயக்கா ஓட்டத்தில் பழகிய சாரதிகள் நிறையப்பேர் இருக்கிறார்கள். குறித்த நேரத்துக்கு வீட்டு வாசலில் நிற்பார்கள்.

இந்த வழியின் பெரிய பலம், ஏதாவது தவறினால் மாற்று இருப்பது. சென்னைக்கு ஒரே நாளில் பல பறப்பு. ஒன்று ரத்தானால் அதே கம்பனியின் அடுத்ததில் ஏற்றிவிட இடமிருக்கும். எயார்பஸ் ஏ320 வகை விமானம் என்பதால் பொதியை இறக்கிவைத்துவிட்டுப் பறக்கும் சங்கடம் அபூர்வம். வேலூருக்கோ சென்னைக்கோ வைத்தியத்துக்குப் போகிறவர்கள், சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் தரைப் பயணத்தின் களைப்பைப் பொறுத்துக்கொண்டாவது இந்த வழியில் போவதே புத்தி. முடிந்தால் முதல் நாள் நீர்கொழும்பில் தங்கி, மறுநாள் ஏறுங்கள். சக்கர நாற்காலியை ரிக்கற் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள்; அதற்குக் காசில்லை.

பலாலி வழி

பலாலி 2019 ஒக்டோபர் 17இல் யாழ்ப்பாண சர்வதேச விமானநிலையமாகத் திறக்கப்பட்டது. அங்கே வருவது ஏ.ரி.ஆர் 72 என்ற இரட்டைக் காற்றாடி விமானம். இண்டிகோவின் விமானத்தில் 78 ஆசனம். பெரிய ஜெட்டை நிரப்ப ஆளில்லாத பாதைகளைத் திறந்து வைத்ததே இந்த விமானம்தான். திறந்த வானம் என்ற ஒப்பந்தத்தில் எத்தனை கையெழுத்து வைத்தாலும், சின்ன ஊருக்கு ஏற்ற அளவில் விமானம் வைத்திருக்கும் கம்பனி இல்லையென்றால் ஒன்றும் நடக்காது. இந்தியாவின் உடான் திட்டம் 2017 முதல் சிறு நகரங்களுக்கு இந்த ரக விமானங்களைப் பரவவிட்டதில், பக்கத்து நாட்டுச் சிறு நகரத்துக்கும் ஒரு சொட்டு விழுந்தது என்று சொல்லலாம்.

பலாலி–திருச்சி நேர்த்தூரம் 200 கிலோமீற்றருக்கும் குறைவு. ஏறி, தண்ணீர் குடித்து, இறங்கிவிடலாம். நமக்கு இடைஞ்சல் முன்பாதி. மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம். பொத்துவில், திருக்கோவில் பக்கமென்றால் அதற்குமேல். யாழ் நகரிலிருந்து பலாலி இன்னொரு இருபது கிலோமீற்றரளவு. இண்டிகோ சேவைகள் பிற்பகலில் வந்து போகும் விதமாகத் தொடங்கியவை என்பதால், இரவு பஸ்ஸில் புறப்பட்டுக் காலையில் யாழ்ப்பாணம் சேர்ந்து, குளித்துச் சாப்பிட்டு ஆறுதலாகப் போக நேரமிருக்கும். திரும்பும்போது பின்னேரம் இறங்கினால் இரவு பஸ்ஸைப் பிடித்து விடியுமுன் ஊர் வந்துவிடலாம். கட்டுநாயக்காவில் நள்ளிரவில் இறங்கி வான்காரனுக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டு நிற்பதைவிட இது நல்லது. விமானநிலையம் சிறியது, வரிசை சிறியது, குடிவரவும் சுங்கமும் சீக்கிரம் முடியும். கடை கண்ணி குறைவு. சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது.

இதன் பலவீனம் பாரம். ஓடுபாதை குட்டையானால் விமானம் எழும்பும் எடைக்கு ஓர் எல்லை வரும். பிற்பகல் வெயிலில் சூடேறிய காற்று அடர்த்தி குறைந்தது. இறக்கைக்குத் தூக்குவிசையும் இயந்திரத்துக்கு வலுவும் குறையும். ஆசனம் முழுவதும் நிரம்பி, ஆளுக்கொரு கனத்த பெட்டி என்றால் விமானி முன் இரண்டே வழி: எரிபொருளைக் குறைப்பது, அல்லது பொதியைக் குறைப்பது. எரிபொருளில் சட்டப்படி கைவைக்க முடியாத அளவு ஒன்று உண்டு. ஆகவே பெட்டி பின்னால் வரும். பின்னால் என்றால் அடுத்த பறப்பில். அது மறுநாளாகவும் இருக்கலாம். மட்டக்களப்புக்காரர் மறுநாள் பெட்டிக்காக யாழ்ப்பாணத்தில் தங்க வேண்டும் அல்லது திரும்பவும் வர வேண்டும். மருந்து, கண்ணாடி, மருத்துவ அறிக்கை, மாற்றுடுப்பு ஒன்று, இவை எப்போதும் கைப்பையில். கைப்பைக்கு ஏழு கிலோ என்பது பொதுவான எல்லை, ஏ.ரி.ஆரில் மேல்தட்டும் சிறியது, பெரிய சக்கரப் பையை வாசலிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள்.

இரண்டாவது பலவீனம், ஒரு பறப்பு ரத்தானால் அன்று வேறு ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து டெல்கிக்கோ மும்பைக்கோ வேறு ரிக்கற்றில் தொடர்கிறவர்கள் இந்த வழியை எடுக்கும்போது நன்றாக யோசிக்க வேண்டும். இரண்டும் ஒரே பதிவு இலக்கத்தில் இருந்தால் முதல் பறப்புத் தாமதித்தாலும் இரண்டாவதில் ஏற்றிவிடுவது கம்பனியின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் தவறவிட்டது உங்கள் நட்டம்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் 2024 ஓகஸ்டிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பக்கத்திலேயே அது போய் இறக்கும். கடல் குழம்பும் மாரியில் அதை நம்ப முடியாது என்பதோடு விட்டுவிடுவோம்.

ரிக்கற் எடுக்குமுன்

இந்திய இ-விசா இலங்கையருக்கு உண்டு. சென்னை, திருச்சி இரண்டிலும் அதைக் கொண்டு இறங்கலாம். 30 நாள் சுற்றுலா விசாவுக்குப் போகும் நாளுக்கு முந்திய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம். குறைந்தது நாலு நாள் இடைவெளி வேண்டும். சதுர வடிவப் படம், கடவுச்சீட்டின் விபரப் பக்கப் பிரதி, ஆறு மாதச் செல்லுபடி. வைத்தியத்துக்குப் போகிறவர் இ-மருத்துவ விசாவே எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கடிதம் தேவை. கூடப் போகிற இரண்டு பேர் வரை உதவியாளர் விசா எடுக்கலாம். சுற்றுலா விசாவில் போய் ஆஸ்பத்திரியில் படுத்தால் பதிவு மேசையிலேயே இழுபறி தொடங்கும்.

நம்மவருக்கு அதிகம் சறுக்கும் இடம் பெயர். தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா, முதலெழுத்தா முழுப்பெயரா என்பது தமிழ்ப் பெயரில் குழப்பம். முஸ்லிம் பெயர்களில் முஹம்மது என்பது கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதுவே விசாவிலும் ரிக்கற்றிலும் குடும்பப்பெயர். மற்றக் கட்டத்தில் உள்ளது அப்படியே மற்றப் பெயர்கள். அழைக்கும் பெயரைப் போட வேண்டாம். ஓர் எழுத்துப் பிழையைக் கம்பனிகள் திருத்தித் தரும்; பெயரே மாறியிருந்தால் புது ரிக்கற் எடுக்கச் சொல்வார்கள்.

முகவரிடம் எடுப்பதில் தவறில்லை. குடும்பமாகப் போகும்போது உதவிதான். ஆனால் பதிவில் முகவரின் ரெலிபோன் இலக்கத்தையும் மின்னஞ்சலையும் மட்டும் போட்டு வைப்பது மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பரவலான பழக்கம். பறப்பு நேரம் மாறினால் செய்தி அவருக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பதிவு இலக்கம் ஆறெழுத்தைக் கையில் வாங்கி, கம்பனியின் தளத்தில் போட்டு, உங்கள் இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டு போகும் சாமானில் இரண்டு சொல்ல வேண்டும். எருமைத் தயிர்ச் சட்டியைக் கையில் கொண்டு ஏற முடியாது. நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட நீர்மம், களி எல்லாவற்றுக்கும் உள்ள விதி தயிருக்கும் உண்டு. பெட்டிக்குள் வைத்தால் சட்டி உடையும். பிளாஸ்ரிக் வாளிக்கு மாற்றி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, இரண்டு பைக்குள் போட்டுப் பெட்டிக்குள் வைத்தால் போய்ச் சேரும், புளிப்பு ஏறியிருக்கும். கருவாட்டை அப்படியே பேப்பரில் சுற்றி வைத்தால் பெட்டி முழுவதும் மணக்கும். முதலில் வெயிலில் நன்றாக உலர்த்தி, காற்று வெளியேற்றிய பையில் அடையுங்கள். சபரிமலை போகிற ஐயப்ப சாமிமாருக்கு: இருமுடித் தேங்காய் இந்திய விமானப் பாதுகாப்பு விதியில் கைப்பையில் தடை. 2024–25 மகர விளக்குப் பருவத்துக்கு ஜனவரி 20 வரை விலக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கட்டு நிறைக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கான பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

மட்டக்களப்பு ஓடுபாதை

திமிலைதீவில் ஓடுபாதை இருக்கிறது.  நம் விமானப்படையின் கையிலிருந்து, 2016இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டு, 2018 மார்ச்சில் குடிசார் பறப்புகளுக்கு விடப்பட்டது. நீளம் சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர். நீளத்தை மட்டும் பார்த்தால் ஏ.ரி.ஆர் 72 இறங்கி ஏற அது போதும். ஆனால் வெளிநாட்டுப் பறப்புக்கு ஓடுபாதை மட்டும் போதாது. அந்த அளவு விமானத்துக்குச் சர்வதேச விதியின் 5ஆம் தரத் தீயணைப்பு வசதி, குடிவரவு, சுங்கம், தொற்றுத்தடுப்பு, பொதி ஊடுகதிர்ச் சோதனை எல்லாம் நிரந்தர ஆளணியோடு நிற்க வேண்டும். வாரத்தில் மூன்று பறப்புக்கு அத்தனை பேரையும் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது யார் என்ற கேள்வியில்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆள் சேருமா என்றால், வாரம் மூன்று தடவை 78 ஆசனம் ஒரு பக்கத்துக்கு 234. சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறை, இவற்றில் இரண்டு மாவட்டமும் அதை நிரப்பும். மிகுதி மாதங்களில்தான் சந்தேகம். காலி ஆசனத்தின் நட்டத்தை முதல் மூன்று வருடம் அரசு தாங்குவதுதான் இந்தியாவின் உடான் முறை. ஐரோப்பாவின் சிறு விமானநிலையங்கள் பலவும் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்தே கம்பனிகளை அழைத்து வந்தன. கம்பனிக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டால் அது ஆள் நிறைந்த இடத்துக்குத்தான் போகும். கிழக்குக்கு வர வேண்டுமென்றால் யாராவது செலவழித்து அழைக்க வேண்டும். இன்னொரு வழியாக, இந்தியக் கம்பனி சென்னையிலிருந்து கட்டுநாயக்கா வந்து அப்படியே மட்டக்களப்புக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்பார்கள். உள்நாட்டுப் பயணியை வெளிநாட்டுக் கம்பனி ஏற்றுவதற்கு வழக்கமாக எந்த நாடும் விடாது. ஐரோப்பா தனக்குள் 1997இல் விட்டது விதிவிலக்கு.

எங்கள் தீர்ப்பு இப்படி. கிழக்குப் பயணியின் கண்ணால் பார்த்தால் கட்டுநாயக்கா–சென்னைப் பாதைக்கு ஐந்துக்கு நாலு; வழித்தூரத்துக்காக ஒன்றைக் கழித்திருக்கிறோம். கட்டுநாயக்கா–திருச்சிக்கு மூன்றரை. கட்டுநாயக்கா–மதுரைக்கு மூன்று, போட்டி வந்தால் கூடும். பலாலி–திருச்சி, கைப்பையோடு போகிற இளம் ஆட்களுக்கு நாலு, பெட்டிகளோடு போகும் குடும்பத்துக்கு இரண்டரை. பலாலி–சென்னை, யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு நாள் நிற்க வழியுள்ளவருக்கு மட்டும்.

நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரிவரை மேலே சொன்ன எல்லாப் புள்ளியிலும் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் என இரண்டு புயலுக்கும் சென்னை ஓடுபாதை மூடப்பட்டது; அதே மாரியில்தான் நம் பக்க வீதியும் ரயில் பாதையும் வெள்ளத்தில் போகும். அந்த மாதங்களில் பறப்புக்கும் ஆஸ்பத்திரித் திகதிக்கும் இடையில் இரண்டு நாள் விடுங்கள். பெட்டி வராவிட்டால் அல்லது உடைந்து வந்தால் விமானநிலையத்தை விட்டு வெளியேறுமுன் கம்பனியின் மேசையில் பொதி முறைப்பாட்டுப் படிவம் நிரப்பி, இலக்கத்தை வாங்குங்கள். மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் பொதிக்கான இழப்பீட்டு உச்சம் ஆளுக்கு 1,519 விசேட எடுப்பனவு உரிமை அலகு; அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. சேலைக்கடைப் பற்றுச்சீட்டுகளை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது? அவை கைப்பையில் இருக்கட்டும்.